அக்காவின் லாகின்

கம்ப்யூட்டர் திறந்தது. அதற்குள் இருந்த வாடிக்கையாளர் பட்டியல்தான் திறக்கவில்லை. உங்களுக்கு அனுமதி இல்லை, அனுமதி இல்லை என்று ஒரே பல்லவியைப் பாடிக்கொண்டிருந்தது.

"காலையிலேர்ந்து இதையேதான் சொல்லுது தம்பி," என்றார் கடைக்காரம்மா. எனக்கு நாற்பத்தெட்டு வயது. ஆனால் கம்ப்யூட்டர் ரிப்பேருக்குப் போகிற இடத்திலெல்லாம் நான் தம்பிதான்.

அது காது கேட்கும் கருவி விற்கும் கடை. முன்னறையில் கண்ணாடி அலமாரி, பின்னால் தடித்த கதவு போட்ட பரிசோதனை அறை. அக்கா தங்கை இரண்டு பேர் நடத்தி வந்தார்கள். அக்கா காதைச் சோதிப்பார், தங்கை கருவி விற்பார். ஒரு மாதத்துக்கு முன் ஏதோ சண்டை. அக்கா போய்விட்டார், காரணம் யாருக்கும் தெரியாது. இப்போது என்னை வரவழைத்திருப்பது தங்கை.

அவசரத்துக்குக் காரணம் இருந்தது. ஒரு வகை சார்ஜர் சூடாகித் தீப்பிடிக்கிறது, வாங்கியவர்களுக்கு இன்றே சொல்லி நிறுத்துங்கள் என்று கம்பெனியிலிருந்து கடிதம் வந்திருந்தது. அறுபத்து மூன்று பேர். யார், என்ன நம்பர் எல்லாம் அந்தப் பட்டியலுக்குள்தான் இருந்தது.

"தலைமாட்டுல வச்சுத்தான் சார்ஜ் போடுவாங்க தம்பி. கருவியைக் கழட்டிட்டா, தீ அலாரம் அடிச்சாக்கூட அவங்களுக்குக் கேட்காது," என்றார்.

பட்டியலை இயக்கும் புரோகிராம் ஓடுகிறதா என்று பார்த்தேன். ஓடியது. கோப்பும் வைத்த இடத்தில் இருந்தது, கெட்டுப்போகவில்லை. அப்படியென்றால் யாரோ கை வைத்திருக்கிறார்கள். "நேத்து எதையாவது மாத்துனீங்களா மேடம்?" என்று கேட்டேன். பதில் இல்லை. இன்னொரு தடவை கேட்டேன். அவர் பாட்டுக்கு இடது தோள் என் பக்கம் இருக்க நின்று பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டு இது என்ன மரியாதை? எழுந்து எதிரே போய் நின்று கேட்டேன்.

"அக்கா லாகினைத் தூக்கிட்டேன். எனக்குன்னு புதுசா ஒண்ணு போட்டுக்கிட்டேன். போனவ பேரு இங்க எதுக்கு?"

தலையில் கை வைத்துக்கொண்டேன். பட்டியலை உருவாக்கியதே அக்காவின் லாகின். அதற்கு மட்டும்தான் திறக்கும் உரிமை. கோபத்தில் பெயர்ப்பலகையைக் கழற்றுவதாக நினைத்துக் கதவின் சாவியைத் தூக்கிப் போட்டிருக்கிறார்.

நல்லவேளை, பட்டியல் வாரம் ஒருமுறை தானாகவே நகல் எடுத்துக்கொள்ளும்படி அக்கா செய்து வைத்திருந்தார். கடைசி நகல் முந்தாநாள் எடுத்தது. அதைப் புது லாகினில் ஏற்றப் போனால் பாஸ்வேர்டு கேட்டது.

"அது அவளுக்குத்தான் தெரியும்," என்றார் தங்கை. "வேற வழியே இல்லையா?"

"இருக்கு மேடம். நாலஞ்சு நாள் ஆகும்."

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மணி மூன்று. போனை எடுத்து வலது காதில் வைத்தார்.

"நான்தான்க்கா. சண்டை போடக் கூப்பிடல." சார்ஜர் விஷயத்தைச் சொன்னார். மறுபக்கம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை போலிருக்கிறது. உடனே பாஸ்வேர்டைத் தாளில் எழுதி என் முன்னால் வைத்தார். இணைப்பைத் துண்டிக்காமல் போனைக் காதிலேயே வைத்திருந்தார்.

பத்து நிமிடத்தில் பட்டியல் திறந்தது. கூடவே திரையின் நடுவில் ஒரு நினைவூட்டல் குதித்தது.

தங்கச்சி, இடது காது சோதனை. அவளா வரமாட்டா. விடாம கேட்கணும். முப்பத்து நான்கு நாள் தாமதம்.

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. இந்த மனுஷியையா திமிர் பிடித்தவர் என்று நினைத்தேன்?

"இதுக்குத்தான் அவ லாகினைத் தூக்கினேன்," என்றார் தங்கை, திரையைப் பார்த்தபடியே. "தினமும் கடையைத் திறந்ததும் இதுலதான் முழிக்கணும். தள்ளித் தள்ளிப் போட்டேன். கருவி விக்கிறவளுக்கே காது போச்சுன்னா எவன் வாங்குவான், என் பொழப்பைக் கெடுக்காதன்னு அன்னைக்கு அவளை வாய்க்கு வந்தபடி கத்திட்டேன்."

"திறந்துச்சா?" என்று போனில் அக்கா கேட்டது என் காது வரை வந்தது.

"திறந்துச்சு. அறுபத்து மூணு பேருக்கா. நான் ஒருத்தியா கூப்பிட்டு முடியாது."

"பாதியை எனக்கு அனுப்பு. நான் பேசுறேன்."

"அனுப்ப மாட்டேன்," என்றார் தங்கை. "நீ கிளம்பி வா. உன் டெஸ்ட் ரூமு பூட்டியேதான் கிடக்கு."

போனை வைத்துவிட்டு, முதல் எண்ணை அழுத்தப் போனார். நினைவூட்டல் இன்னும் திரையை மறைத்துக்கொண்டிருந்தது. "இதை எடுத்துடட்டுமா மேடம்?" என்றேன். அவர் திரும்பவில்லை. இந்தத் தடவை எனக்குக் கோபம் வரவில்லை. நாற்காலியைச் சுற்றி அவருடைய வலது காதுப் பக்கம் போய் நின்று, மறுபடி கேட்டேன்.

"ஓரமா தள்ளி வைங்க தம்பி, எடுக்காதீங்க," என்றார். "அவ வந்து எடுக்கட்டும்."