எண்ணெய் பூசிய சாடி

ஒரு சாடியின் அடியைப் பார்த்தே அதன் பூர்வீகத்தைச் சொல்லிவிடுவார் யோகேந்திரன். பல நிற மண்ணைச் சேர்த்துக் குழைத்து, வரி வரியாய்ச் சுழலவிட்டு வனைந்த பழைய அமெரிக்கச் சாடிகள்தான் அவருடைய பைத்தியம். புலம்பெயர்ந்து வந்த பியர்பொன்ட்ஸ் நகர் வீட்டில் சாமித்தட்டைத் தவிர எல்லாத் தட்டிலும் அவைதான். எந்தப் பட்டறையில் செய்தது என்று கண்டுபிடிக்கும்வரை மனுசனுக்குச் சோறு இறங்காது. மனைவி இந்திராதேவிக்கு அவற்றோடு தூசி தட்டுகிற உறவு மட்டும்தான்.

கடைசியாக ஒன்றை இணையத்தில் வாங்கிவிட்டு ஆஸ்பத்திரியில் படுத்தார். இனி வைத்தியமில்லை, வீட்டுக்குக் கூட்டிப்போங்கள் என்று டொக்டர் சொன்ன கிழமைதான் பார்சல் வந்தது. இந்திராதேவி பிரித்துப் பார்த்தாள். உள்ளே மினுக்கம், வெளியே வறண்டு சொரசொரவென்றிருந்தது. பாவம், அவர் வரும்போது அழகாய் இருக்கட்டுமே என்று, புதுச் சட்டி பழக்குவதுபோல அரிசி களைந்த தண்ணீரில் ஊறப்போட்டு, தேங்காய்த் தும்பால் தேய்த்து, தேங்காயெண்ணெய் பூசி, இளஞ்சூட்டில் காயவைத்தாள். அடியில் ஒட்டியிருந்த கடதாசி கூழாய்க் கரைந்தது. விலைச் சீட்டாக்கும் என்று கழுவிவிட்டாள்.

வீட்டுக்கு வந்தவர் கட்டிலில் சாய்ந்தபடி சாடியைத் தடவினார். அறை முழுக்க எண்ணெய் மணந்தது. மருந்து மூக்கைக் கெடுத்திருந்ததால் அவருக்கு அது தெரியவில்லை.

"வெளியிலையும் மினுங்குது. நான் நினைச்ச பட்டறை வெளியிலை பூச்சுப் போடாது. லேபிளும் இல்லை," என்றார். "படத்தைக் காட்டிப்போட்டு வேறை ஒண்டை அனுப்பியிருக்கிறான். கடைசியிலை நானும் ஏமாந்துபோனன்."

அது தான் பார்த்த வேலை என்று இந்திராதேவிக்கு விளங்கியது. வாயை மூடிக்கொண்டிருந்தால் மனுசன் ஏமாந்தவராகவே போய்ச்சேர்ந்துவிடுவார்.

"ஒருத்தரும் ஏமாத்தேல்லை. நான்தான் சட்டி பழக்கிறமாதிரிப் பழக்கினனான். மினுங்கிறது எண்ணெய். லேபிளும் இருந்தது, தண்ணியிலை கரைஞ்சுபோச்சு."

ஏச்சு விழும் என்று காத்திருந்தாள். விழவில்லை. அவர் முகத்தில் பல நாளைக்குப் பிறகு உயிர் வந்தது.

"அப்ப இருந்ததுதானே? என்ன பேர் போட்டிருந்தது?"

சாடிகளைப் பற்றி அவர் அவளிடம் ஒன்றைக் கேட்டது அதுதான் முதல் தடவை. அவள் யோசித்துப் பார்த்தாள். கடதாசியின் பழுப்பு நிறமும், அது விரலில் பிசுபிசுத்ததும்தான் ஞாபகம் வந்தன.

"வாசிக்கேல்லை."

"ஒரு எழுத்துக்கூடவோ?"

"இல்லையப்பா."

தன் மேலேயே அவளுக்கு வெறுப்பாக வந்தது. அவர் சாடியை அவள் கையில் கொடுத்தார்.

"வெளியிலை பூச்சுப் போடாத பட்டறை வேறையும் இருக்கு, பேரில்லாமல் இனி எதெண்டு சொல்லேலாது. கறி வைக்க உதவும், வைச்சிரும்," என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார்.