ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு கறுப்புப் பெட்டி

...இது காரோடு வந்த சாமான் இல்லை, தீப்பெட்டி அளவுதான், உள்ளே சிம் கார்டு வேறு, கார் எங்கே நிற்கிறது என்று யாருக்கோ சொல்லிக்கொண்டே இருக்கும் கருவி, வயரிங் பட்டறை நடத்தும் ரூபினி எத்தனையோ லாரிகளுக்கு மாட்டியிருக்கிறாள், ஆனால் இந்த இணைப்பு... காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்டரை வயரில் சுற்றி, பட்டறைக்காரர் எவரும் இப்படிச் செய்ய மாட்டார், வீட்டில் செய்த வேலை, யார் கை இது? ஒரு வாரமாக விடிந்தால் பேட்டரி செத்துக் கிடக்கிறது என்று காரைக் கொண்டுவந்த ரோஹானா அக்கா வாசலில் ஐஸ் கோப்பியோடு நிற்கிறாள், ஆயர் ஈத்தாம் சந்தையில் வாங்கிய கீரை பின்சீட்டில் வாடுகிறது... அவளுக்கு இது தெரியுமா? சொன்னால் இன்றைக்கு அந்த வீட்டில் என்ன நடக்கும்? சொல்லாவிட்டால்? வயர் எங்கே போகிறது என்று பார்ப்பதுதான் தன் வேலை, மனிதர்கள் எங்கே போகிறார்கள் என்பது இல்லை, ஆனாலும் மனம் கேட்டால்தானே.

“அக்கா, இத நீங்களா வெச்சீங்க?”

ரோஹானா குனிந்து பார்த்தாள். முகம் மாறவே இல்லை, அதுதான் ரூபினியை என்னவோ செய்தது.

“என் வீட்டுக்காரரு. பெருநாள் முடிஞ்சு வெச்சாரு. நான் தூங்குறேன்னு நெனச்சிட்டாரு.”

“எடுத்துறட்டா?”

“எடுத்தா அவருக்குத் தெரியுமா?”

“தெரியும்லா. போன்ல உங்க காடி எங்க நிக்குதுன்னு காட்டாது.”

“அப்ப இருக்கட்டும், தங்கச்சி. நான் போற அன்னைக்கு வர்றேன், அப்ப எடுத்துக் குடுங்க.”

போகிற அன்றைக்கு... எங்கே? கடல்பாலம் தாண்டி அக்கரையில் புக்கிட் மெர்தாஜாமில் யாராவது இருக்கிறார்களா, அதற்கும் அப்பாலா, அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமையாக இருந்து பட்டறை மூடியிருந்தால்? கேள்வி ஓட ஓடக் கை வேலையைச் செய்தது, பிளாஸ்டரைப் பிய்த்து, பக்கத்து வயரை உரசி மின்சாரத்தைக் குடித்துக்கொண்டிருந்த இணைப்பைப் பிரித்து, ஈயத்தால் ஒழுங்காகப் பற்றவைத்து, நடுவில் கழற்றி மாட்டும்படி ஒரு சின்ன சாக்கெட்டும் வைத்து, ரோஹானாவின் கையைப் பிடித்து உள்ளே விட்டாள்.

“இங்கதான்க்கா. இழுத்தா கையோட வந்துரும். என்கிட்ட வரவே வேணாம்.”

ரோஹானாவின் விரல்கள் சாக்கெட்டைத் தொட்டன, அங்கேயே நின்றன, இழுத்தே விடுவாளோ... இல்லை, கையை எடுத்துக்கொண்டாள். சாவியைத் திருகியதும் கார் உயிர்பெற்றது, மீட்டரில் மின்கசிவு இல்லை, பேட்டரி இனி சாகாது, அப்படியென்றால் ராத்திரியில் பேட்டரியோடு சேர்ந்து அடங்கிப் போயிருந்த அந்தப் பெட்டியும் இனி ஒரு நிமிடம்கூட வாய் மூடாது... கார் தெருமுனையில் திரும்பி மறைந்தது. தான் இப்போது யாருக்கு வேலை செய்து கொடுத்தோம்? அவளுக்கா, அவருக்கா?