மஞ்சுவின் ஐந்து மாணவர்கள்

சுண்ணாம்புக்குளத்தில் ஒரு வீட்டு வாசலில் நாலைந்து பிளாஸ்டிக் நாற்காலி வரிசையாகப் போட்டால் போதும், பெண் பார்க்க வருகிறார்களா, பைனான்ஸ்காரன் வருகிறானா என்று தெருவே கணக்குப் போட்டுவிடும். அன்று காசியம்மாள் நாற்காலி போட்டதற்கு இரண்டுமே காரணமில்லை. அவள் மகள் மஞ்சுவுக்குப் பரீட்சை. அந்தப் பரீட்சை ஆரம்பாக்கம் ஸ்டேஷனில் இறங்கி, ஆட்டோ பிடித்து, வீட்டுக்கே வருகிறது.

மஞ்சு சென்னையில் பி.ஏ. இசை, கடைசி வருஷம். முன்பெல்லாம் மூன்று பேர் எதிரில் உட்கார்ந்து ஒரு ராகம் பாடினால் பட்டம் கிடைத்துவிடுமாம். இப்போது பல்கலைக்கழகத்துக்குத் திடீர் அக்கறை. பாடத் தெரிந்தால் போதாது, பிழைக்கவும் தெரிய வேண்டும் என்று புதிதாக ஒரு பேப்பர். சொந்த ஊரில் ஐந்து பேரைச் சேர்த்து வகுப்பு நடத்த வேண்டும். பேராசிரியர் நேரில் வந்து பார்ப்பார். இதில் தேறாவிட்டால் பட்டம் இல்லை.

ஐந்து பிள்ளைகள் சேர்ந்தார்கள்தான். ஸரிகமவையே மாதக்கணக்கில் ஏற்றி இறக்கியதில், "ஒரு பாட்டுகூட வர்லியே" என்று ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டன. போன வாரம் கடைசிப் பிள்ளையும் நின்றது. அன்றிலிருந்து மஞ்சுவுக்குச் சோறு இறங்கவில்லை.

"இதுக்கா கண்ணக் கசக்கினு கீற?" என்றாள் எதிர்வீட்டுக் குப்பம்மாள். மகளிர் குழுத் தலைவி. ஏரியில் இறங்கிக் கையால் இறால் பிடிக்கும் பெண்களை ஒரே குரலில் கரையேற்றுகிறவள். "அஞ்சு பேர் தானே? நான் இட்டாறேன். ஆபீசர் வந்தா எப்டி குந்தணும்னு எங்களுக்கா தெரியாது?"

வேண்டாம் என்று சொல்ல மஞ்சு வாயைத் திறப்பதற்குள் காசியம்மாள் நாற்காலி இரவல் வாங்கக் கிளம்பியிருந்தாள்.

பேராசிரியர் சுபஸ்ரீ ஆட்டோவை விட்டு இறங்கியதும் சந்தனம், குங்குமம், கற்கண்டு. குழுப் புடவை கட்டிய ஐந்து பெண்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

"வகுப்பு எப்படிம்மா இருந்தது?"

குப்பம்மாள் முன்னால் வந்தாள். "பயிற்சி மிகவும் பயனுள்ளதாக இருந்தது மேடம். இதன் மூலம் எங்கள் வாழ்வாதாரத்தை உயர்த்திக்கொள்வோம்." நண்டு வளர்ப்புப் பயிற்சியிலும் இதைத்தான் சொன்னாள், தையல் பயிற்சியிலும் இதைத்தான் சொன்னாள்.

"சரி, என்ன கத்துக்கிட்டீங்க?"

குப்பம்மாள் பக்கத்திலிருந்த ஜமுனாவைப் பார்த்தாள். ஜமுனா தரையைப் பார்த்தாள்.

"அது கெடக்கட்டும் மேடம். தையலுக்கு மிஷின் குடுத்தாங்க. இதுக்கு இன்னா குடுப்பீங்க?"

மஞ்சுவால் அதற்கு மேல் முடியவில்லை. "மேடம், இவங்க என் ஸ்டூடன்ட்ஸ் இல்ல. சேர்ந்தவங்க எல்லாரும் நின்னுட்டாங்க."

காசியம்மாள் தலையில் கை வைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

சுபஸ்ரீ கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "ரயிலுக்கு நேரம் இருக்கு. இவங்களுக்கே ஒரு வகுப்பு எடு, பார்க்கலாம்."

மஞ்சு போனில் சுருதியை வைத்தாள். ஸரிகம தொண்டை வரை வந்தது; பிள்ளைகளை ஓட்டியதும் அதுதானே என்று விழுங்கிக்கொண்டாள்.

"அத்த, ஏரில கீறவங்கள எப்டி கூப்புடுவ? அப்டியே கூப்புடு."

"மேடம் எதுர்லயா?"

"கூப்புடு அத்த."

"ஏ ஜமுனா... வாடியேய்!"

தெருமுனையில் படுத்திருந்த நாய் எழுந்து நின்றது. "பக்கத்துலதாண்டி கீறேன்!" என்று ஜமுனா காதைப் பொத்தினாள். மஞ்சு சுருதியை ஏற்றி இறக்கி, அந்த 'யேய்' நீண்ட இடத்தில் நிறுத்தினாள். "இதுலயே நில்லு அத்த. எல்லாரும் அத்தகூட நில்லுங்க." ஐந்து குரலும் ஐந்து திசைக்குப் போயின. பிறகு, குழாயடிச் சண்டை போல ஒன்றையொன்று இடித்துக்கொண்டு, ஏறக்குறைய ஓரிடத்துக்கு வந்து சேர்ந்தன.

சுபஸ்ரீ ஏதோ எழுதினார். மஞ்சு எட்டிப் பார்த்தாள், தெரியவில்லை. குப்பம்மாளுக்கு அவ்வளவு பொறுமை ஏது?

"பாஸ் போட்டீங்களா இல்லியா மேடம்? போட்டாதான் நாங்க நாளைக்கு வருவோம்."

"நீங்க வந்தாதான் பாஸ். அடுத்த மாசம் திரும்பி வருவேன். இதே அஞ்சு பேர் இருக்கணும்."

ஆட்டோ போய்விட்டது. பட்டம் இனிமேல் சென்னையில் இல்லை, எதிர்வீட்டில் இருக்கிறது. குப்பம்மாளோ எந்தப் பயிற்சியிலும் மத்தியானச் சோற்றுக்குப் பிறகு உட்கார்ந்ததாகச் சரித்திரமே கிடையாது.

"அத்த, நாளைக்கு எத்தினி மணிக்கு வர்றீங்க?"

"ஏரில காத்து எப்டி கீதுன்னு பாத்துட்டு சொல்றேண்டி," என்றபடி குப்பம்மாள் வீட்டுக்குள் போய்விட்டாள்.