மிச்சமிருக்கும் பயம்

1

இந்தக் கதை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் பிறந்தது. மருத்துவமனையின் இரண்டாம் மாடியில், தரையோடு சேர்த்துத் திருகி வைத்திருந்த நாற்காலி. யாராவது தூக்கிக்கொண்டு ஓடிவிடுவார்கள் என்று திருகியிருப்பார்கள் போல. அதில் உட்கார்ந்திருந்தவர்களின் முகங்களைப் பார்த்தால், ஓடிவிடாமல் இருக்க அவர்களைத்தான் திருகி வைத்திருக்கிறார்களோ என்று தோன்றியது.

உள்ளே, என் மனைவியின் கழுத்தில் இருந்த கட்டியில் ஊசியை விட்டுச் சோதனைக்குக் கொஞ்சம் சதை எடுத்துக்கொண்டிருந்தார்கள். வெளியே, நான் வேற்றுக்கிரகவாசிகளைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன்.

உங்களுக்கு என்மேல் கோபம் வந்தால் நியாயம்தான். எனக்கே வந்தது. ஆனால் மற்ற கோழைகள் பயந்தால் வீட்டை விட்டு ஓடுவார்கள். எழுதுகிற கோழை கிரகத்தை விட்டே ஓடுவான்.

கதவு திறந்தது. கழுத்தில் பஞ்சை அழுத்திப் பிடித்தபடி அவள் வந்தாள். என் முகத்தைப் பார்த்தாள்.

"ஒண்ணும் இல்லீங்க, எறும்பு கடிச்ச மாதிரிதான் இருந்துச்சு. நீங்க தண்ணி குடிச்சீங்களா?"

ஊசி அவளுக்கு, தண்ணீர் எனக்கு. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நான் அன்று வைத்துக்கொள்ளவில்லை.

முடிவு வெள்ளிக்கிழமை தெரியும் என்றார்கள்.

2

முதல் தொடக்கம்:

'இரட்டைச் சூரியன்களின் கொடும் வெயிலில், நான்கு கைகள் கொண்ட அந்த மக்கள், தலைமுறை தலைமுறையாக அடிமைப்பட்டு—'

அடித்துவிட்டேன். காரணம் சொல்கிறேன். என் மனைவி தையற்காரி. அறையின் நடுவில் அவளுடைய இயந்திரம், ஜன்னலோரம் என் மேசை. எழுதியதை நான் வாய்விட்டு வாசிப்பேன், அவள் மிதித்துக்கொண்டே கேட்பாள்.

"நாலு கைன்னா அக்குள் எத்தன?"

"நாலு."

"அப்ப சட்டைய எங்கேருந்து வெட்டுவாங்க? பக்கவாட்டுல துணியே மிஞ்சாதே. ரெண்டு கை போதும், விடுங்க."

இவ்வாறாக என் வேற்றுக்கிரகத்தார் தையல் வசதியை முன்னிட்டு ஆளுக்கு இரண்டு கைகளை இழந்தார்கள். சூரியனிலும் ஒன்றைக் குறைத்தேன். இனத்துக்கு ஒரு பெயர் வைத்தேன்; இருமல் மருந்து மாதிரி இருந்ததால் அதையும் எடுத்துவிட்டேன். கடைசியில் மிஞ்சியது ஒரே ஒரு வாக்கியம்:

'அவர்களுக்குக் கழுத்து நீளம்.'

இது நின்றது. ஏன் நின்றது என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

3

அந்தக் கிரகத்தை ஆள்பவர்கள் பயப்படுவதில்லை. பயம் அவர்களுக்கும் வரும். ஆனால் படுவதற்கு வேறு ஆள் வைத்திருக்கிறார்கள். நீளக் கழுத்துக்காரர்கள் கொட்டகைகளில் பெஞ்சு போட்டு வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். ஒவ்வொருவர் பிடரியிலும் ஓர் ஒயர், காலடியில் ஒரு மிதி. மிதியை அழுத்தியிருக்கும் வரை, தூரத்து மாளிகையில் இருக்கும் ஓர் எஜமானரின் பயம் ஒயர் வழியே இவர் மனதுக்குள் இறங்கிக்கொண்டே இருக்கும். அவர் அங்கே நன்றாகச் சாப்பிடுவார், நன்றாகத் தூங்குவார், கை நடுங்காமல் மரண தண்டனையில் கையெழுத்துப் போடுவார். அதனால் அவர்களுக்கு இவர்கள் வைத்த பெயர், நிம்மதிக்காரர்கள்.

(மிதி எங்கிருந்து வந்தது என்று கேட்காதீர்கள். திருடுவதற்குக்கூட அறையை விட்டு வெளியே போகாத சோம்பேறி நான்.)

கதாநாயகியை எல்லோரும் நெட்டை என்பார்கள். நீளக் கழுத்துக்காரர்களே ஒருத்தியை நெட்டை என்றால் எவ்வளவு நீளம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். அவள் சுமப்பது ஒரு நீதிபதியின் பயத்தை. தான் தூக்கில் போட்டவர்கள் ஒருநாள் திரும்பி வந்து வாசலில் நிற்பார்களோ என்பது அவருடைய பெரிய பயம். பல் பிடுங்கிக்கொள்வது சின்னப் பயம். நெட்டையின் இனத்துக்குப் பல்லே கிடையாது. ஆனாலும் சில மாலைகளில் வாயைப் பொத்திக்கொண்டு வீட்டுக்குப் போவாள்.

வருடக்கணக்காக அடுத்தவர் பயத்தைப் பட்டுக்கொண்டிருந்தால், எது தன்னுடையது என்று தெரியாமல் போய்விடும். அதற்காக அவர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. காலையில் கொட்டகை வாசலில், பக்கத்துப் பெஞ்சுக்காரியிடம் தன் சொந்தப் பயத்தை வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். நெட்டைக்குப் பக்கத்தில் அவள் தங்கை, சின்னவள்.

"அடுப்ப அணைச்சேனான்னு பயமா இருக்குக்கா. இது என்னோடது."

"சரிடி, நான் வச்சுக்கறேன். என் பொண்ணு இருமிக்கிட்டே இருக்கா. இது என்னோடது."

"வச்சுக்கறேன்."

மாலையில் அதே வாசலில் கைமாற்றிக்கொள்வார்கள். "இந்தாக்கா, இருமல்." "இந்தா, உன் அடுப்பு." மிச்சம் எல்லாம் வாடகைப் பயம். உதறிவிட்டு நடக்கலாம்.

மிதியிலிருந்து தனியாகக் காலை எடுப்பவர்களை மேஸ்திரி, மனதைத் துணிபோல வெளுத்துவிடும் வெளுப்பறைக்கு அனுப்புவார். (மேஸ்திரியும் நீளக் கழுத்துக்காரர்தான். இல்லாவிட்டால் கதை நம்பும்படி இருக்காது.) நெட்டையின் அண்ணன் அங்கே போய்த் திரும்பி வந்தவன். அவனுக்கு இப்போது எந்தப் பயமும் இல்லை. எல்லோரையும் பார்த்துச் சிரிப்பான். தங்கைகளைப் பார்த்தும், யாரோ புதியவர்களைப் பார்ப்பதுபோல மரியாதையாகச் சிரிப்பான். ஒருநாள் கொதிக்கும் பாத்திரத்துக்குள் கையை விட்டுக்கொண்டும் அதே சிரிப்பு.

இந்த வரியை எழுதிவிட்டு எழுந்துபோய்க் கதவைத் தாழ் போட்டேன். பகல் பதினொரு மணி.

4

வாசித்துக் காட்டினேன். இயந்திரம் நின்றது.

"ஒயர எங்க மாட்டறாங்கன்னீங்க?"

"பிடரியில."

"ஏன், முதுகு இல்லையா, கை இல்லையா? ஊர்ல வேற எடமே கெடைக்கலையா உங்களுக்கு?"

நான் காகிதத்தைப் பார்த்தேன். 'அவர்களுக்குக் கழுத்து நீளம்.' அவள் கழுத்தில் பஞ்சு ஒட்டியிருந்த இடம் இன்னும் கொஞ்சம் நீலமாக இருந்தது.

"மாத்திடறேம்மா."

"வேணாம், இருக்கட்டும். அந்தப் பொண்ணு என்ன செய்யப்போறா, அதச் சொல்லுங்க."

5

அந்தப் பெண் கலகம் செய்யப்போகிறாள்.

திட்டம் எளிமையானது. நடுப்பகல் மணி அடித்ததும் எல்லாக் கொட்டகைகளிலும் எல்லோரும் ஒரே நேரத்தில் மிதியிலிருந்து காலை எடுத்துவிட வேண்டும். எல்லாப் பயமும் ஒரே நொடியில் சொந்தக்காரர்களிடம் திரும்பும். பயந்து பழக்கமே இல்லாதவர்கள், என்ன செய்வது என்று தெரியாமல் படுத்துவிடுவார்கள். ஆனால் பாதிப்பேர் எடுத்து, பாதிப்பேர் எடுக்காவிட்டால் எடுத்தவர்களுக்கு வெளுப்பறை.

இங்கே அவர்கள் ஒரு தவறு செய்தார்கள். வேறு எந்த இனமும் செய்ய முடியாத தவறு.

ரகசியம் காக்க வேண்டும் அல்லவா? அன்று காலை எல்லோருக்கும் இருந்தது ஒரே பயம். அதை வாசலில் மேஸ்திரி காதுபட எப்படிச் சொல்வது? ஆகவே அன்றைக்கு மட்டும் யாரும் எதுவும் சொல்லவில்லை. சின்னவள் வாயைத் திறந்தாள், அக்காவைப் பார்த்தாள், மூடிக்கொண்டாள். உள்ளே போய் ஒயரை மாட்டிக்கொண்டார்கள்.

கொஞ்ச நேரத்தில் நெட்டையின் மனதுக்குள் ஒரு பயம் நின்றது: 'வரப்போகிறார்கள். தெரிந்துவிட்டது. இனி அவ்வளவுதான்.'

இது யாருடையது? நெட்டை யோசித்தாள்.

என்னுடையது என்றால், கலகத்துக்கு முன்னால் யாருக்கும் வரும் பயம். பொறுத்துக்கொண்டு காலை எடுத்துவிடலாம். நீதிபதியுடையது என்றால், வாசலில் வந்து நிற்கப்போகிறவர்கள் என்று அவர் நினைப்பது எங்களை. அப்படியென்றால் அவர்களுக்குத் தெரிந்துவிட்டது, ஆட்கள் புறப்பட்டிருப்பார்கள். அவள் சின்னவளைப் பார்த்தாள். சின்னவள் முகத்திலும் அதே கேள்வி. கொட்டகை முழுக்க அதே முகம். இரண்டு பயமும் அச்சு அசலாக ஒன்றே. அடையாளம் சொல்ல ஆள் இல்லை, ஏனென்றால் காலையில் யாரும் யாரிடமும் எதையும் கொடுத்து வைக்கவில்லை.

மணி அடித்தது. யாருடைய காலும் அசையவில்லை.

6

இந்த இடத்தில் நானும் மாட்டிக்கொண்டேன்.

முடிவு ஒன்று: எல்லோரும் காலை எடுக்கிறார்கள், மாளிகைகளில் அலறல், விடுதலை. (பொய். எழுதும்போதே என் பேனாவுக்கு வெட்கம்.)

முடிவு இரண்டு: யாரும் எடுக்கவில்லை. மறுநாள் எல்லோரும் சிரித்துக்கொண்டு— (முடியாது.)

முடிவு மூன்று: எல்லாம் கனவு. (இதற்கு என்னையே வெளுப்பறைக்கு அனுப்பலாம்.)

வியாழக்கிழமை. பேனாவை வைத்துவிட்டுப் புலம்பினேன். "எனக்குப் பயமா இருக்கும்மா. நெட்டைக்கு என்ன ஆகுமோ தெரியல."

"நெட்டைக்கா?"

அவள் மிதியிலிருந்து காலை எடுத்தாள். சக்கரம் கொஞ்ச தூரம் தானாகச் சுற்றி நின்றது.

"இந்த வாரம் பூரா நான் என்ன செஞ்சேன் தெரியுமா? ஒண்ணும் ஆகாது, ஒண்ணும் ஆகாதுன்னு உங்களுக்குச் சொல்லிக்கிட்டிருந்தேன். நீங்க முழிச்சா நானும் முழிச்சு, முதுகத் தடவிக் குடுத்தேன். ஊசி குத்துனது யார் கழுத்துலங்க? எனக்குப் பயப்பட நேரமே கெடைக்கல."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். துணியை மடித்துக்கொண்டே சொன்னாள். அந்தக் கிரகத்தில் மாளிகை எங்கோ தூரத்தில் இருக்கிறது என்று இவ்வளவு நாளாக வர்ணித்துக்கொண்டிருந்தேன். ஜன்னலோரம், மேசை போட்டு இருக்கிறது.

மடித்த துணியை ஓரமாக வைத்துவிட்டு அவளே கேட்டாள். "அந்தப் பொண்ணு ஏன் சொல்லாம உக்காந்திருக்கா?"

"சொன்னா மேஸ்திரிக்குக் கேட்டுடும்."

"கேக்கட்டுமே. வாசல்ல சொல்ல மறந்தா உள்ள சொல்லக் கூடாதுன்னு சட்டமா?"

7

நெட்டை பேசினாள். கொட்டகைக்குள் யாரும் பேசியதில்லை. அவள் குரலே அவளைத் திடுக்கிட வைத்தது.

"அண்ணன் மாதிரி சிரிச்சுக்கிட்டே, சின்னவள அடையாளம் தெரியாமப் போயிடுவேனோன்னு பயமா இருக்கு. இது என்னோடது."

மேஸ்திரி திரும்பினார்.

சின்னவள் சொன்னாள்: "வச்சுக்கறேன்கா. நீ காலை எடுத்து, நான் எடுக்காம விட்டுடுவேனோன்னு பயமா இருக்கு. இது என்னோடது."

"வச்சுக்கறேன்," என்றது பின்னாலிருந்து ஒரு குரல். பிறகு பெஞ்சு பெஞ்சாக நகர்ந்தது. வலிக்குமா என்று ஒருவர். பிள்ளைகளுக்கு யார் சமைப்பார்கள் என்று ஒருவர். வெட்கப்பட்டுக்கொண்டே ஒரு கிழவர், "எனக்கு இருட்டுன்னா பயம். எப்பவுமே." யாரோ சிரித்தார்கள். யாரோ, "நான் வச்சுக்கறேன் பெரியப்பா," என்றார்கள்.

கடைசியில் மேஸ்திரி மட்டும் நின்றார். பிரம்பு கையில் இருந்தது.

"உங்களப் பாத்தாத்தான் எனக்குப் பயம்," என்றார். "என்னைக்குமே."

"வச்சுக்கறோம்," என்றாள் நெட்டை.

அவரவர் பயத்தை அவரவர் சொல்லி முடித்த பிறகும் கொட்டகையில் ஒன்று மிச்சமிருந்தது. யாரும் தன்னுடையது என்று சொல்லாத பயம். பெரியது, குளிர்ந்தது, கதவைப் பார்த்துக்கொண்டிருப்பது. அவர்களுக்குப் புரிந்தது. நிம்மதிக்காரர்கள் பயந்துபோயிருக்கிறார்கள். அப்படியென்றால் கலகத் திட்டம் தெரிந்துவிட்டது.

வெளியே நிம்மதிக்காரர்களின் ஆட்களுடைய பூட்ஸ் சத்தம். வருகிறவர்களுக்குப் பயம் இல்லை. அவர்களுடைய பயமும் இங்கேதான், ஏதோ ஒரு பெஞ்சின் ஒயரில் இருக்கிறது. எல்லாக் கால்களும் எழுந்தால் அவர்கள் கதவுக்கு வெளியிலேயே நின்றுவிடுவார்கள். ஒன்றிரண்டு எழாவிட்டால்—

8

வெள்ளிக்கிழமை காலை. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள்.

"நான் ஒண்ணு சொல்றேன். நீங்க வச்சுக்கணும். ஒண்ணும் ஆகாதுன்னு சொல்லக் கூடாது."

"சரி."

"நான் போயிட்டா நீங்க தனியா என்ன செய்வீங்கன்னு..." நிறுத்திக்கொண்டாள். "இல்ல, இது உங்களோடது. இந்தாங்க, எடுத்துக்கங்க."

எடுத்துக்கொண்டேன். நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. இதையா இத்தனை நாள் தூக்கிக்கொண்டு காஜா எடுத்தாள், பொத்தான் தைத்தாள்?

"எனக்கு வலிக்குமோன்னு பயமா இருக்கு," என்றாள். "ரொம்ப வலிக்குமோன்னு. அவ்வளவுதான். இது என்னோடது."

ஒண்ணும் ஆகாது என்ற சொல் நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கினேன்.

"வச்சுக்கறேன்."

அதே இரண்டாம் மாடி. அதே திருகிய நாற்காலிகள். உள்ளிருந்து அவளைக் கூப்பிட்டார்கள். கதவின் கைப்பிடியில் அவள் கை. மிதியின் மேல் நெட்டையின் கால். இதற்கு மேல் நான் எழுதப்போவதில்லை. எழுதினால் எனக்குத் தோதாக எழுதிவிடுவேன். ஜன்னலோர மேசைக்காரர்களின் கை அப்படி.

ஆனால் உங்களிடம் ஒரு வேலை இருக்கிறது. முதல் பக்கத்து நாற்காலியிலிருந்தே நான் உங்கள் பிடரியில் ஓர் ஒயரை மாட்டியிருக்கிறேன். மன்னிக்க வேண்டும், என் தொழில் அது. இப்போது உங்களிடம் ஒரு பயம் இருக்கும். அதில் உங்களுடையது எதுவோ, யாருடைய கழுத்தோ, எந்தக் கதவோ, அதைப் பக்கத்தில் இருப்பவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். அவர் வைத்துக்கொள்வார்.

சொன்ன பிறகும் ஏதாவது மிச்சமிருந்தால், அது என்னுடையது. நீங்கள் காலை எடுத்துவிடலாம்.