பதில் மாப்பிள்ளை

ரொசாரியோ துறைமுகத் தெருவில் கலோஜெரோவின் சேமியாக் கடையைத் தெரியாதவர் கிடையாது. சிசிலியிலிருந்து வெறுங்கையோடு வந்தவனுக்கு இன்று இரண்டு பிழியும் இயந்திரங்கள், வாசலில் தன் பெயரில் பலகை. அதில் பாதி எல்விராவின் புண்ணியம். அந்த உள்ளூர் விதவை தன் தையல் மெஷினை விற்றுத்தான் அவனுக்கு முதல் இயந்திரத்தை வாங்கிக் கொடுத்தாள். ஈஸ்டர் முடிந்ததும் இருவருக்கும் கல்யாணம் என்று பேச்சு.

அன்று காலை அவன் சொந்த ஊர்க்காரன் லிபோரியோ, கப்பலிலிருந்து இறங்கிய கையோடு கடைக்குள் நுழைந்து அவனைக் கட்டிப்பிடித்தான்.

“கல்யாணச் சாப்பாடு பிரமாதம்டா! அந்த ஆட்டுக்கறி இன்னும் நாக்குலயே நிக்குது.”

“யார் கல்யாணம்?”

“உன் கல்யாணம்தான்! உன் தம்பி உனக்குப் பதிலா நின்னு நுன்ஸியாத்தாவுக்கு மோதிரம் போட்டான். அடுத்த கப்பல்ல பொண்ணு வர்றா. என்னடா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறே?”

வந்த புதிதில் தனிமை தாங்காமல், ‘பெண் பாருங்கள், எனக்குப் பதில் தம்பி நிற்கட்டும்’ என்று முறைப்படி ஒப்புதல் எழுதி அம்மாவுக்கு அனுப்பியிருந்தான். கடல் தாண்டியவர்கள் எல்லோரும் செய்வதுதான். அப்போது இந்தப் பரதேசிக்கு யாரும் பெண் கொடுக்கவில்லை. கடை பெரிதானது ஊருக்கு எட்டியதும் பெண் கிடைத்துவிட்டாள்; அம்மாவின் கடிதத்துக்கு முன்னால் லிபோரியோ வந்து சேர்ந்துவிட்டான். எல்விராவைப் பற்றி அம்மாவுக்கு எழுத வெட்கப்பட்ட மண்டு, பழைய ஒப்புதலைச் சுத்தமாக மறந்தே போயிருந்தான். பாதிரியார் போட்ட முடிச்சை அவிழ்க்க அங்கேயும் வழியில்லை, இங்கேயும் வழியில்லை.

விஷயத்தை அவன் சொன்னபோது எல்விரா அழவில்லை. மாவுக் கையைத் துடைத்துக்கொண்டாள்.

“மோதிரம் கெடக்குதுய்யா. மோதிரம் இல்லாமலே உன்கூட இருந்துட்டுப் போறேன். அவகிட்ட உண்மையைச் சொல்லி அதே கப்பல்ல திருப்பி அனுப்பு.”

“சத்தியமா சொல்லிடறேன்.”

“நீ முழுங்கிடுவே. நானும் வர்றேன்.”

கப்பல் வந்தது. நுன்ஸியாத்தா வாந்தியெடுத்து வெளிறிய முகத்தோடு, தன் உயரத்துக்குப் பாதி இருந்த பெட்டியை இழுத்துக்கொண்டு இறங்கினாள். கலோஜெரோவைப் பார்த்ததும் அவளுக்கு உயிர் வந்தது.

“நீங்கதானே? தம்பி மூக்கு அப்படியே இருக்கு. எங்கம்மா செத்துப் போனதும் வீட்டை வித்துத்தாங்க கப்பல் ஏறினேன். இனிமே எனக்கு அங்க யாருமில்ல.”

வழியெல்லாம் சொல்லிப் பார்த்து வைத்திருந்த பேச்சைத் தொடங்காமல், கலோஜெரோ எல்விராவைப் பார்த்தான். எல்விரா அந்தப் பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இவங்க யாருங்க?” என்றாள் நுன்ஸியாத்தா.

ராத்திரிகளில் மாவு பிசைந்தபடி கலோஜெரோ தனக்குக் கற்றுக்கொடுத்த அவன் ஊர்ப் பேச்சில் எல்விராவே பதில் சொன்னாள்.

“கடையில வேலை செய்றவம்மா. பெட்டியைக் குடு, நான் தூக்கறேன்.”

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கலோஜெரோ வாயைத் திறந்தான், மூடினான். எல்விரா பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தாள்.