எனக்கு எதிராக எனக்கே வந்த முறைப்பாடு

திங்கட்கிழமை காலை பல் தீட்டிக்கொண்டே போனைத் திறந்தால் ஒரு ஈமெயில்.

"வணக்கம். உங்கள் நடத்தை விதிகளின் மூன்றாம் பிரிவின்படி முறைப்பாடு செய்கிறேன். யாருக்கு எதிராக: பிரஷாந்தினி. விசாரிக்க வேண்டியவர்: பிரஷாந்தினி. நல்ல முடிவு எதையும் எதிர்பார்க்கவில்லை. நன்றி. மண்வெட்டி23."

பிரஷாந்தினி நான்தான். வாயில் நுரையோடு அதை இரண்டு தரம் வாசித்தேன். காலங்காத்தாலே ஒரு மனுசி எத்தனையைத்தான் தாங்குவது?

கதையை முதலில் இருந்து சொல்கிறேன். மழையில்லாத மாதங்களின் சிறுபோக விளைச்சலுக்கு எங்கள் குளத்துத் தண்ணீர் எல்லா வயலுக்கும் ஒரேயடியாகக் காணாது. முறை வைத்துத்தான் பாய்ச்ச வேண்டும். முன்பெல்லாம் முறைப் பட்டியலை விவசாயிகளின் சங்கமான கமக்காரர் அமைப்பின் கட்டடத்தில் ஒட்டுவார்கள். ஒட்டிய அன்றே அடிபாடு தொடங்கும். அந்தக் கூத்தைப் பார்க்கச் சகிக்காமல்தான் நான் 'தண்ணிமுறை' என்ற போன் அப்பை எழுதினேன். முறை வருவதற்கு முந்தின நாள் கமக்காரரின் போனுக்கு மெசேஜ் போகும். தண்ணீர் வேண்டுமென்றால் ஒன்று என்று பதில் அனுப்ப வேண்டும். பதில் வராவிட்டால் முறை அடுத்த வயலுக்குப் போகும்; இவர் பட்டியலின் அடிக்குப் போவார். ஒவ்வொரு புதன்கிழமையும் மாலை ஆறு மணிக்குப் பட்டியல் தானாக வெளிவரும். அதில் ஒரு பெயரையும் எவரும் கையால் மாற்ற முடியாது. சனம் அதை நம்பியதே அதனால்தான்.

அப்பின் கோட், அதாவது நிரல், முழுவதும் இணையத்தில் திறந்து கிடக்கிறது. திறந்த மூலம் என்பார்கள். யாரும் பார்க்கலாம், குறை சொல்லலாம், திருத்தி அனுப்பலாம். ஏற்பதும் விடுவதும் என் பொறுப்பு. சம்பளம் கிடையாது. நன்றி அதைவிடக் கிடையாது. கொழும்புக் கொம்பனி ஒன்றுக்கு வீட்டில் இருந்து பகல் முழுவதும் வேலை செய்துவிட்டு, மிச்சம் கிடக்கிற பொறுமையில் இதைப் பார்க்கிறேன். மிச்சம் எவ்வளவு கிடக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். உதவிக்கென்று வந்தவர்கள் ஆறு பேர். ஆறு பேரும் போய்விட்டார்கள். அவர்களுக்குப் பொறுப்பில்லை என்றுதான் இவ்வளவு நாளும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

நடத்தை விதிகளையும் நான்தான் எழுதினேன். எழுதினேன் என்பது பெரிய சொல். ஆங்கிலத்தில் கிடந்த ஒன்றைத் தமிழாக்கி ஒட்டினேன். "இங்கு வரும் எவரும் மரியாதையோடு நடத்தப்படுவர்" என்று தொடங்கும். முறைப்பாடு அனுப்ப ஒரு முகவரி கேட்டிருந்தது. என்னுடையதைப் போட்டேன். கள்ளன் கையில் திறப்பைக் கொடுத்த வேலை என்று அப்போது யார் கண்டது?

இந்த மண்வெட்டி பத்து நாட்களுக்கு முன்னர்தான் முதலில் எழுதியிருந்தது. செத்தவீடு நடக்கிற வீட்டில் மெசேஜ் பார்க்க ஆளிருக்காது. அப்படியான வீட்டு வயலுக்கு அயல் வயல்காரர் தண்ணீர் கட்டிவிடுவதுதான் இங்கு வழக்கம். ஆகவே அவர்களுக்காக அயலவர் பதில் அனுப்ப ஒரு வழி வேண்டும் என்று. நான் எழுதிய பதில்: "செத்தவீட்டிலும் எல்லோரும் போனைத்தான் நோண்டுகிறார்கள். போன கிழமையும் ஒரு செத்தவீட்டில் கண்ணால் பார்த்தேன். இது அப்பின் பிழை அல்ல. வழிகாட்டியை வாசிக்கவும்." எழுதிவிட்டு விசயத்தை மூடினேன்.

மூன்று நாளில் அதற்கான கோட்டைத் தானே எழுதி அனுப்பியது. "கேட்காத மாற்றம்" என்று அதையும் மூடினேன். வாசிக்கவில்லை. "ஒருக்கால் வாசித்துப் பாருங்கள்" என்று மூன்றாம் தரம் வந்தது. அன்றைக்குக் காலையில் இருந்து கரண்ட் இல்லை, கொம்பனி மனேஜர் வேறு காதுக்குள் கத்திக்கொண்டிருந்தார். எனக்கு விசர் வந்துவிட்டது. உண்மையாக மண்வெட்டி பிடிக்கிற எவனாவது தனக்கு மண்வெட்டி என்று பேர் வைப்பானா? இது லண்டனில் இருந்து ஊர்ப்பாசம் காட்டுகிற ஏதோ ஒரு பெடியன் என்று முடிவுகட்டி இப்படி எழுதினேன்:

"குளிரூட்டிய அறைக்குள் இருந்துகொண்டு வயல்காரருக்கு வக்காலத்து வாங்க வேண்டாம். முதலில் ஒரு வாய்க்காலில் இறங்கிக் கால் நனைத்துவிட்டு வாருங்கள். பிறகு கதைப்போம்."

அதற்குக் கீழே ஒன்பது பேர் சிரிப்பு முகம் போட்டார்கள். எனக்குச் சந்தோசமாகத்தான் இருந்தது. பொய் சொல்லக் கூடாது.

முறைப்பாடு வந்த அன்று மத்தியானம் கமக்காரர் அமைப்பின் தலைவர் குகதாசன் அண்ணை போன் எடுத்தார்.

"தங்கச்சி, கோவிக்காதேங்கோ. ஒரு சின்னக் கதை."

கோவிக்காதேங்கோ என்று தொடங்கினாலே எனக்குக் கோபம் வரும். "சொல்லுங்கோ அண்ணை."

"கடைசி வாய்க்கால் சுடலைமுத்து அண்ணையின்ர தமையன் செத்ததெல்லோ. அந்தக் கிழமை மெசேஜ் ஒருத்தரும் பாக்கேல்லையாம். முறை போயிட்டுது. இப்ப ஆள் லிஸ்ற்றின்ர அடியில. இந்த வியாழன் தண்ணி பாயாட்டி கதிர் முழுக்கப் பதராப் போகும்."

"அதுக்கு நான் என்ன செய்ய?"

"இல்லை, அவற்ற மகள் நிரோஜா உங்களுக்கு எழுதினவளாம். யாழ்ப்பாணத்தில கொம்பியூட்டர் படிச்ச பிள்ளை. உங்கட அப்பில மண்வெட்டி எண்டு பேராம். நீங்கள் ஏதோ ஏசிப்போட்டியளாம்."

போனைக் காதில் வைத்தபடியே லப்டொப்பைத் திறந்து நான் எழுதியதைத் திரும்ப வாசித்தேன்.

"இதை ஏன் அண்ணை எனக்கு முதலே சொல்லேல்லை?"

"நீங்கள் கோவிப்பியள் எண்டுதான்."

எங்கள் வயல் முதல் வாய்க்காலில் இருக்கிறது. அப்பப்பா, அதாவது அப்பாவின் தகப்பன், வடமராட்சியில் இருந்து குடியேற்றத் திட்டத்துக்கு வந்தபோதே கிடைத்த காணி. குளத்தைத் திறந்தால் முதலில் எங்களுக்குத்தான் பாயும். கடைசி வாய்க்கால் ஆனையிறவுப் பக்கத்து உப்புக்காற்று அடிக்கிற தரை. மலையகத்தில் இருந்து அடிபட்டு வந்த சனம் காடு வெட்டித் திருத்திய நிலம். விடிய எழும்பி வரம்பு கட்டிவிட்டுப் பள்ளிக்கூடம் போன பிள்ளையைப் பார்த்துத்தான் நான், முதல் வாய்க்கால்காரி, கால் நனைத்துவிட்டு வா என்று சொல்லியிருக்கிறேன்.

எங்கள் ஊரில் மன்னிப்புக் கேட்பதற்கு ஒரு முறை உண்டு. மன்னிப்புக் கேட்பதில்லை என்பதுதான் அந்த முறை. ஒரு சீப்பு வாழைப்பழமும் பிஸ்கற் பெட்டியும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவது. தேத்தண்ணி குடிப்பது. வெயிலைப் பற்றிக் கதைப்பது. நடந்ததை ஒருவரும் வாயில் எடுக்க மாட்டார்கள். கோப்பை வெறுமையானால் கோபமும் முடிந்தது. என் அப்பா மாமாவோடு இருந்த ஐந்து வருடக் கோபத்தை ஒரு அன்னாசிப்பழத்தோடு முடித்தவர்.

செவ்வாய்க்கிழமை பதினாறு கிலோமீற்றர் ஸ்கூட்டி ஓடினேன். செத்தவீடு பக்கத்து வளவில்தான், முப்பத்தொன்றாம் நாள் சடங்கும் முடியவில்லை. துக்கம் விசாரிக்க வந்தேன் என்று சொல்லச் சாட்டும் இருந்தது. நிரோஜாவின் தாய் ராக்காயி கதிரையைத் துடைத்துப் போட்டார்.

"வாங்கம்மா, உக்காருங்க. இந்த வெயில்ல வந்திருக்கீங்களே."

தேத்தண்ணி வந்தது. வெயிலைப் பற்றிக் கதைத்தோம். எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. அப்போது சுடலைமுத்து ஐயா கையைப் பிசைந்துகொண்டு எழும்பினார்.

"எங்க புள்ள ஏதாச்சும் எடக்குமொடக்கா எழுதியிருந்தா மனசுல வச்சுக்காதீங்கம்மா."

நான் ஏசினேன், அவர் மன்னிப்புக் கேட்கிறார்.

"நான் ஒண்டும் பிழையா எழுதேல்லை அப்பா," என்றாள் குசினி வாசலில் நின்ற நிரோஜா. இருபத்துமூன்று வயதிருக்கும். என்னை நேராகப் பார்த்தாள்.

எனக்குத் தெரிந்த சமாதானத்தை எடுத்து வைத்தேன். "ஐயாவின்ர பேரை நான் கோட்டுக்குள்ள போய் இந்த வியாழனுக்கு மேல போட்டுவிடுறன். ஒருத்தருக்கும் தெரிய வராது."

ஐயாவின் முகம் மலர்ந்தது. நிரோஜா தலையாட்டினாள்.

"வேண்டாம் அக்கா. கையால பேர் மாத்தாத லிஸ்ற் எண்டுதானே சனம் நம்பினது. இண்டைக்கு எங்களுக்கு மாத்தினா நாளைக்கு ஆருக்கும் மாத்தலாம். அடுத்த செத்தவீட்டுக்காரர் உங்களை எங்க தேடி வாறது?"

"வாய மூடு புள்ள, அங்க கதிரு காயுது," என்று தகப்பன் அதட்டினார்.

"அப்ப உம்மட கோட்டைத் திருப்பி அனுப்புமன். நான் ஏற்கிறன்," என்றேன்.

"அதில கால் நனைச்சிட்டு வா எண்டு எழுதியிருக்கு. அது இன்னும் அப்பிடியே கிடக்கு. அதுக்குக் கீழ நான் எப்பிடி என்ர வேலையைக் கொண்டுவந்து வைக்கிறது? ஏசினது அவ்வளவு பேருக்கும் முன்னால. சமாதானம் மட்டும் எங்கட குசினி வாசலிலயோ அக்கா?"

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. இந்த வெயிலில் இவ்வளவு தூரம் வந்திருக்கிறேன், இவளுக்கு இதுவும் காணாதாமே! கோப்பையை வைத்துவிட்டு எழும்பிவிட்டேன். ஐயா படலை வரை வந்து ஏதோ சொல்லிச் சமாளித்தார். நான் காதில் வாங்கவில்லை.

திரும்புகிற வழியில் அவர்கள் வயல். ஸ்கூட்டியை நிறுத்தினேன். நெல் கதிர் தள்ளிக்கொண்டிருந்தது. அடியில் மண் விரல் போகுமளவுக்கு வெடித்திருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு வாய்க்காலில் இறங்கினேன். கால் நனையவில்லை. புழுதிதான் ஒட்டியது. அந்தப் புழுதியோடே வீட்டுக்கு வந்தேன்.

அவள் அனுப்பிய கோட் அங்கேதான் கிடந்தது. சட்டப்படி நானே எடுத்துச் சேர்க்கலாம், திறந்த மூலம்தானே. ஆனால் வாசலில் வைத்து நான் துரத்திவிட்டவளின் கையில் இருந்த சாமானை மட்டும் பறித்து எடுப்பதற்கு எனக்கு மனம் வரவில்லை.

புதன்கிழமை காலை, அந்தப் பொதுப் பக்கத்திலேயே எழுதினேன். "வேலைப்பளு காரணமாக எனது பதில் சற்றுக் கடுமையாகத் தோன்றியிருந்தால் வருந்துகிறேன்."

பத்து நிமிடத்தில் பதில், குறையுள்ள கோட்டைத் திருப்பி அனுப்பும்போது எழுதுகிற அதே சொற்களோடு. "மாற்றம் தேவை. தோன்றவில்லை, கடுமையாகத்தான் இருந்தது. வேலை எனக்கும் இருக்கிறது."

பல்லைக் கடித்துக்கொண்டு திரும்ப எழுதினேன். நான் எவ்வளவு மோசமானவள், எப்படி நித்திரை இல்லாமல் கிடந்தேன் என்று முப்பது வரி. அதற்கும் அவளுடைய பதில் வந்தது: "மாற்றம் தேவை. இது முழுக்க உங்களைப் பற்றி. செத்தவீடு எங்கே?"

லப்டொப்பை மூடிவிட்டுக் கிணற்றடியில் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன். மத்தியானம் கடந்துவிட்டது. ஆறு மணிக்குப் பட்டியல். எனக்கு எதிராக நான் எழுதுகிற தீர்ப்பைக்கூட ஒழுங்காக எழுதத் தெரியாத நான்தான், மற்றவர்களின் வேலையை இரண்டு சொல்லில் மூடிக்கொண்டிருந்தேன். மூன்றாம் முறை இப்படி எழுதினேன்:

"செத்தவீட்டு முறை பற்றி மண்வெட்டி23 சொன்னது சரி. மூன்று தரம் சொன்னார். மூன்று தரமும் நான் ஒழுங்காக வாசிக்கவில்லை. வாசிக்காமலே உங்கள் எல்லோருக்கும் முன்னால் அவரைக் கேலி செய்தேன். நேற்று கடைசி வாய்க்காலில் இறங்கினேன். என் கால் நனையவில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள்."

பதில் வரவில்லை. ஒன்பது சிரிப்பு முகங்களில் ஏழு காணாமல் போயின. மற்ற இரண்டும் யார் என்று எனக்குத் தெரியும். நான்கு மணிக்கு, ஒரு சொல்லும் இல்லாமல், நான் மூடிய தன் கோட்டை அவள் திரும்பத் திறந்து வைத்தாள்.

இந்த முறை வாசித்தேன். நல்ல கோட். நான் எழுதியதைவிட நல்லது. செத்தவீட்டுக்காரருக்காக அயலவர் பதில் அனுப்பலாம். இந்த மாதம் அப்படித் தவறிய முறைகளையும், அயல் வயல்காரர் இருவர் சாட்சி சொன்னால், திருப்பித் தரும். ஆனால் ஐயோ, ஒரு பிழை இருந்தது. இரண்டு அயலவரும் பதில் அனுப்பினால் ஒரே வயலுக்கு இரண்டு முறை விழும். அதை மரியாதையாகச் சொல்ல எனக்கு இருபது நிமிடம் எடுத்தது. இரண்டே இரண்டு வரி! "அருமையான வேலை. இரண்டு பேரும் பதில் அனுப்பினால் என்ன நடக்கும் என்று ஒருக்கால் பார்க்க முடியுமா?"

"ஓம் அக்கா, பிழைதான். கொஞ்சம் பொறுங்கோ."

ஐந்தேகாலுக்குத் திருத்தம் வந்தது. ஏற்றுக்கொண்டேன். இந்த மாதம் முறை தவறிய வயல்களின் அயலவர்களுக்கு, அங்கே செத்தவீடு நடந்ததா என்று கேட்டு மெசேஜ் போனது. சாட்சிகள் ஒவ்வொன்றாக வந்தன. சரியாக ஆறு மணிக்குப் பட்டியல் விழுந்தது. மூன்று பேருக்கு முறை திரும்பியிருந்தது. முதல் பெயர் சுடலைமுத்து. இரண்டாவது செட்டிகுளத்தில் இருந்து வந்து குடியேறிய ஒருவர். மூன்றாவது பெயரைப் பார்த்ததும் லப்டொப்புக்குக் கிட்டக் குனிந்தேன். ஐயாத்துரை, முதல் வாய்க்கால்.

எங்கள் பக்கத்து வீட்டு ஐயாத்துரை மாமா. மாமி போய் இன்னும் முப்பத்தொன்று வரவில்லை. அந்தச் செத்தவீட்டில் மூன்று நாள் நின்று வந்தவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றியவள் நான். எல்லோரும் போனைத்தான் நோண்டுகிறார்கள் என்று நான் எழுதியதும் அந்த வீட்டைப் பற்றித்தான். மாமா ஒரு மூலையில் போன் எங்கே கிடக்கிறது என்றே தெரியாமல் இருந்தது இப்போதுதான் ஞாபகம் வந்தது.

போன் எடுத்தேன். "மாமா, உங்கட முறை போனது எனக்கு ஏன் சொல்லேல்லை? பக்கத்து வீடுதானே!"

"கிணத்துத் தண்ணியை இறைச்சுச் சமாளிச்சன் பிள்ளை. உன்னட்டச் சொன்னா வழிகாட்டியை வாசியுங்கோ எண்டு ஏசுவாய். எனக்கு அந்த நேரம் ஏச்சு வாங்கத் தெம்பில்லை."

நாளைக்குத் தண்ணீர் வரும் மாமா என்று மட்டும் சொன்னேன். வைத்துவிட்டு நடத்தை விதிகள் இருந்த பக்கத்தைத் திறந்து, முறைப்பாட்டுக்குரிய முகவரியில் இருந்து என் பெயரை அழித்தேன்.