மூன்றாவது அடி

நர்ஸ் மிஸ்ஸி வருவதற்குள் அப்பாவிடம் நான்கு தடவை சொல்லிவிட்டேன். "உள்ளத உள்ளபடி சொல்லுங்கப்பா. முடியலைனா முடியலைனு சொல்லுங்க." தலையைத் தலையை ஆட்டினார். அதை நம்பிய என்னைச் சொல்ல வேண்டும்.

தனியாக விட முடியாத வயதானவர்களுக்குப் பகலில் ஓர் ஆளைத் துணைக்கு அனுப்பும் திட்டம் ஒன்றுக்கு எழுதிப் போட்டிருந்தேன். எங்கள் பக்கத்து எஸ்டேட்டுகளுக்கெல்லாம் சேர்த்து ஒரே ஓர் இடம்தான் மிச்சம் இருந்தது. நர்ஸ் நேரில் வந்து பார்த்து எழுதினால்தான் கிடைக்கும். போன செவ்வாய்க்கிழமை நான் தேயிலை ஃபேக்டரியிலிருந்து வந்தபோது, அப்பா கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் கிடந்தார். காலை பத்து மணிக்கு விழுந்தவர், நாலு மணிவரை அந்தக் குளிரில் சிமெண்டுத் தரையில் கிடந்திருக்கிறார். நான் வேலையை விட்டுவிட்டு அவரோடு இருக்கலாம். வேலையை விட்டால் எஸ்டேட் கொடுத்த இந்த லயத்து வீட்டையும் விட வேண்டும்.

பத்தரைக்கு மிஸ்ஸி பிரேமலா தானா ராத்தா டவுனிலிருந்து வந்தார். சின்ன வயசு. கையில் ஃபாரம், கழுத்தில் அடையாள அட்டை. அட்டையைக் கண்டதும் அப்பா முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து சட்டைப் பட்டனைத் தேடினார். 

"ஐயா, உடம்பு எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கேன் மிஸ்ஸி."

"சாப்பாடெல்லாம்?"

"நானே சாப்புடுவேன்."

"பாத்ரூமுக்கு?"

"நானேதான் போவேன். யாரும் வேணாம் லா."

காலையில் அவரைத் தூக்கிக்கொண்டு போய்க் கழுவி விட்டவள் பக்கத்திலேயே நிற்கிறேன். வாய் கூசவில்லை மனுஷனுக்கு.

அவர் நாற்பத்திரண்டு வருஷம் தேயிலைச் செடிக்குக் கவாத்து வெட்டியவர். விடிகாலையில் பெரட்டுக் களத்தில் ஆள் கணக்கெடுக்க வரிசையாக நிற்கும்போது காய்ச்சல் என்று வாயைத் திறந்தால், கங்காணி வீட்டுக்குத் திருப்பி அனுப்பிவிடுவார். அன்றைக்கு அடுப்பு எரியாது. உடம்பு கொதிக்கக் கொதிக்க "நல்லா இருக்கேங்க" என்று சொல்லிவிட்டுக் கத்தியோடு மலை ஏறியவர். கழுத்தில் அட்டையோடு யார் வந்து நின்றாலும் அவருக்கு அது பெரட்டுதான். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் பற்றிக்கொண்டு வந்தது.

"மிஸ்ஸி, அவர் சொல்றத எழுதாதீங்க, நான் சொல்றேன்..."

"அக்கா, நான் கண்ணால பாக்குறதத்தான் எழுத முடியும்." அப்பாவிடம் திரும்பினார். "ஐயா, கதவு வரைக்கும் நடந்து காட்டுறீங்களா?"

"அதுக்கென்ன!"

கட்டில் கம்பியைப் பிடித்து எழுந்தே விட்டார். இரண்டு மாதமாக என் தோள் இல்லாமல் எழாதவர். பிரேமலாவின் பேனா ஃபாரத்தில் அடுத்த கட்டத்துக்கு நகர்ந்தது.

முதல் அடி. வழக்கம்போல அவருடைய இடது முழங்கைக்கு அடியில் கையைக் கொண்டுபோனேன். மூன்றாவது அடியில் அவருக்கு இடது கால் மடங்கும். தினமும் மடங்கும். நான் பிடித்தால் கதவு வரை போய்விடுவார். போய்விட்டால் அந்த இடம் வேறு யாருக்கோ.

இரண்டாவது அடி.

கையை இழுத்துக்கொண்டேன்.

நாற்காலியில் மோதிக்கொண்டு பக்கவாட்டில் விழுந்தார். மூத்திரம் போய்க் கைலி நனைந்து தரையெல்லாம் ஓடியது. பிரேமலா ஃபாரத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். இரண்டு பேருமாகத் தூக்கிக் கட்டிலில் உட்கார வைத்தோம். எலும்புக்கு ஒன்றுமில்லை. முழங்கையில் தோல் உரிந்து ரத்தம் வந்தது.

பிரேமலா என் பக்கம் திரும்பினார். "பிடிக்கக் கைய கொண்டுபோனீங்க. அப்புறம் எடுத்துட்டீங்க. நான் பாத்தேன்."

நான் குனிந்து அப்பாவின் முழங்கையைத் துடைத்தேன்.

"இத நான் எழுதணும்கா. பெரியவரு இந்த வீட்ல பத்திரமா இல்லைனா, முதியோர் ஹோமுக்கு மாத்தச் சொல்லுவாங்க."

துணைக்கு ஆள் கேட்கப் போய் அப்பாவையே பறிகொடுக்கப் போகிறேன். 

"மிஸ்ஸி." அப்பா என்னைப் பார்க்கவில்லை. தரையில் கிடந்த ஃபாரத்தைப் பார்த்துப் பேசினார். "அவ மேல எழுதாதீங்க. என்னால முடியலை."

"ஐயா?"

"முடியலை. சோறு அவதான் ஊட்டுறா. கக்கூசுக்கு அவதான் தூக்கிட்டுப் போறா, கழுவி விடுறா. போன வாரம் விழுந்து கெடந்தேன், எந்திரிக்க முடியலை. அவளுக்கும் முடியலை மிஸ்ஸி. எழுதிக்குங்க."

எண்பத்தொரு வயதுவரை எந்தத் துரையிடமும், கங்காணியிடமும், பெற்ற மகளிடமும் சொல்லாததை, நனைந்த கைலியோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சொன்னார். அவர் அதை எனக்காகச் சொன்னார்.

 பிரேமலா ஃபாரத்தை எடுத்து, எழுதியதையெல்லாம் அடித்துவிட்டு மறுபடி எழுதினார்.

"ஆள் அனுப்பச் சொல்லி எழுதிட்டேன். விழுந்ததையும் எழுதியிருக்கேன். நீங்க கைய எடுத்தத எழுதலை. மாசாமாசம் நானே வந்து பாப்பேன்கா," என்றார்.

மறுநாள் காலை அப்பாவை எழுப்பி நிறுத்தினேன். இரண்டடி வைத்தார். அங்கே நின்றார். குனிந்து, தன் முழங்கைக்கு அடியில் என் கை இருக்கிறதா என்று பார்த்தார். பார்த்த பிறகுதான் அடுத்த காலை எடுத்து வைத்தார்.